டொட் கொம்மா, டொட் எல்கேயா: மலைநாட்டுப் பெயருக்கு எது விலை போகும்?

எல்லவில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், பண்டாரவளையில் சொந்தப் பெயர் போட்டுத் தேயிலைப் பக்கெட் விற்கத் தொடங்கியவர்கள், யூடியூப் பார்த்துவிட்டு "பெயரை வாங்கிப் போட்டால் பிறகு டொலரில் விற்கலாமாமே அண்ணே" என்று வரும் ஹட்டன் பையன்கள், எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான். டொட் கொம் வாங்குவதா, டொட் எல்கே வாங்குவதா, இல்லை இப்போது புதிது புதிதாக வருகிறதே, அதில் ஒன்றா? இணையத்தளம் நடத்த மட்டும் என்றால் எதை வாங்கினாலும் பெரிய நட்டமில்லை. ஒரு நாள் அந்தப் பெயரை விற்கவும் நேரலாம் என்ற எண்ணம் இருந்தால்தான், பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் இந்தப் பின்னொட்டு பெரிய விஷயமாகிறது. ஒரே பெயர் ஒரு பின்னொட்டில் ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகும். இன்னொன்றில் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது.

கொழும்புத் தேயிலை ஏலத்தைப் பற்றி மலைநாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1883 முதல் நடக்கிறது. தேயிலை எவ்வளவு தரமாக இருந்தாலும், ஒருவர் மட்டும் விலை கேட்டால் அவர் சொன்னதுதான் விலை. இரண்டு பேர் விடாமல் கேட்டால்தான் ஏறும். டொமைன் என்று சொல்லும் இணையப் பெயரும் அப்படித்தான். அந்தப் பெயர் அந்தப் பின்னொட்டோடுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? மறுவிற்பனை மதிப்பு முழுவதும் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. கீழே ஒவ்வொரு பின்னொட்டையும் அதை வைத்தே பார்க்கிறேன்.

டொட் கொம்மில் அந்தக் கூட்டம் பெரியது. 1985இல் தொடங்கிய பின்னொட்டு இது. அந்த ஆண்டு மார்ச் 15ஆம் திகதி சிம்பொலிக்ஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனம் பதிந்ததுதான் முதல் பெயர். இன்று 15 கோடிக்கும் மேற்பட்ட டொட் கொம் பெயர்கள் பதிவில் இருக்கின்றன. வெளியே தெரியவந்த பெரிய விற்பனைகளில் மேல் வரிசையைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் இவைதான். 2019இல் வொய்ஸ் டொட் கொம் 3 கோடி டொலருக்குப் போனது. 2023இல் சட் டொட் கொம் 1 கோடி 55 இலட்சம் டொலருக்குக் கைமாறி, அடுத்த ஆண்டு சட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயிடம் போய்ச் சேர்ந்தது.

இந்தத் தொகைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். இவை உலகம் முழுக்கப் புரியும் ஒற்றைச் சொற்கள், நமக்கு எட்டாதவை. நாம் கவனிக்க வேண்டியது வாங்குகிறவரின் பயத்தை. ஓவர்ஸ்டொக் என்ற அமெரிக்க இணையக் கடை ஓ டொட் கோ என்ற பெயரை 350,000 டொலர் கொடுத்து வாங்கி, 2011இல் தன் அடையாளத்தையே அதற்கு மாற்றப் பார்த்தது. விளம்பரத்தைப் பார்த்த மக்கள் பலர் ஓ டொட் கொம் என்று தட்டினார்கள். கொஞ்ச நாளில் கொம்பனி பழைய பெயருக்கே திரும்பிவிட்டது. ஒரு பெயரைக் காதால் கேட்டதும் மனிதர்கள் தாமாகவே சேர்த்துக்கொள்ளும் பின்னொட்டு டொட் கொம். வேறு பின்னொட்டில் பெரிதாக வளர்ந்த கொம்பனிகள் பிறகு பணத்தைக் கொட்டி டொட் கொம்மை வாங்க வருவது இதனால்தான். எதிர்த்திசையில் யாரும் அப்படி ஓடி வருவதில்லை.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. டொட் கொம்மை நடத்தும் வெரிசைன், நமக்குப் பெயர் விற்கும் பதிவாளர்களிடம் ஒரு பெயருக்கு ஆண்டுக்கு வாங்கும் தொகை 2024 செப்டெம்பரிலிருந்து 10.26 டொலர். நல்ல பெயருக்கும் உப்புச் சப்பில்லாத பெயருக்கும் அதே தொகை. விலையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கும் ஒப்பந்தத்தில் வரம்பு உண்டு. உங்கள் பெயருக்கு நாளை நல்ல கிராக்கி வந்தாலும் புதுப்பிக்கும் கட்டணம் அதற்காக ஏறாது. இந்த நிம்மதி புதிய பின்னொட்டுகளில் கிடைக்காது.

சரி, மலைநாட்டுக்காரருக்கு டொட் கொம்மில் என்ன மிச்சம் இருக்கிறது? ஊர்ப்பெயர் மட்டும் என்றால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஊர்ப்பெயரோடு ஒரு தொழிற்சொல் சேர்ந்தவை, அதாவது ஊரும் தேயிலையும், ஊரும் தங்குமிடமும், ஊரும் மலையேற்றமும், தேடினால் இன்னும் அகப்படும். என் கணக்கில் இவற்றிலும் மேலானது சிலோன் என்ற சொல் சேர்ந்த பெயர். நாட்டின் பெயர் 1972இல் மாறியது. தேயிலையின் பெயர் மாறவில்லை. வெளிநாட்டில் தேயிலை விற்பவர், கறுவா விற்பவர், இரத்தினக்கல் விற்பவர், உல்லாசப் பயண முகவர் எல்லோருக்கும் அந்தச் சொல் தேவை, அவர்களில் ஒருவரும் எல்கே பின்னொட்டைத் தேடி வரப்போவதில்லை. விலை கேட்க நாலு நாட்டிலிருந்து ஆள் வரக்கூடிய பெயர் மலைநாட்டோடு சம்பந்தப்பட்டதாக ஒன்று இருந்தால் அது இந்த வகைதான். அகப்படுவது அருமை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டொட் எல்கேயின் கதை வேறு. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்து, 1990 முதல் நம் நாட்டிலேயே நிர்வகிக்கப்படும் பின்னொட்டு இது. இலங்கைக்குள் அதன் மதிப்புக்குக் குறைவில்லை. வாங்கல் விற்றல் விளம்பரத் தளமான இக்மனை, இக்மன் டொட் எல்கே என்று பெயரோடு பின்னொட்டையும் சேர்த்தே நாடு முழுக்கச் சொல்கிறார்கள். உள்நாட்டு வியாபாரத்துக்கு டொட் கொம் இல்லாமலும் ஓடலாம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. கூகிளும் இந்தப் பின்னொட்டை இலங்கைக்கான தளம் என்ற அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. நுவரெலியாவில் வசந்தகாலத்துக்கு அறை தேடும் கொழும்புக் குடும்பத்தை எட்ட இது உதவும். ஜெர்மனியிலிருந்து தேடுபவரிடம் அந்த அனுகூலம் குறைவு, ஆனால் இது உள்ளூர்க்காரரின் இடம்தான் என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுக்கும். நடத்துவதற்கு நல்ல பின்னொட்டு என்றே சொல்வேன்.

விற்பதற்கு? வாங்குகிறவர் ஏறக்குறைய எப்போதும் இலங்கைக்குள்ளேயே இருப்பார்: ஹோட்டல் குழுமம், கொழும்பில் ஒரு கடை, புதிதாகத் தொடங்கும் ஒரு கொம்பனி. ஒற்றைச் சொல்லாக, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எல்லோருக்கும் தெரிந்த சொல்லாக இருந்தால் இலட்சங்களில் பேசலாம். இடுகுறிப் பெயர்களுக்கும், நீண்ட இரண்டு சொல் பெயர்களுக்கும் யாரும் கேட்கமாட்டார்கள். புதிதாகவே ஒன்றைப் பதிந்துகொள்வார்கள். இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. டொட் கொம் என்றால் நேம்பயோ போன்ற தளத்தில் பழைய விற்பனைகளைத் தேடி, இதைப் போன்ற பெயர் இன்ன விலைக்குப் போயிருக்கிறது என்று மேசையில் வைத்துப் பேசலாம். டொட் எல்கே விற்பனைகள் பெரும்பாலும் இரண்டு பேருக்கு இடையில் பேசி முடிவதால், நீங்கள் காட்டுவதற்கும் ஒன்றும் இருக்காது, அவர் மறுப்பதற்கும் ஒன்றும் இருக்காது. பேரம் தெரிந்தவர் வெல்வார்.

டொட் கொம் டொட் எல்கே, டொட் ஹோட்டல் டொட் எல்கே என்று உள்ளே இருக்கும் கிளைகளை விற்கும் நோக்கில் வாங்கவே வேண்டாம். சுருக்கமான டொட் எல்கே வேறொருவரிடம் இருக்கும்போது நீளமானதற்கு யார் பணம் தருவார்?

ஒரு சம்பவத்தையும் இங்கே சொல்லவேண்டும். 2021 பெப்ரவரியில் ஒரு காலையில் டொட் எல்கே பெயர்கள் சிலவற்றை யாரோ திசைதிருப்பிவிட்டார்கள். கூகிள் டொட் எல்கே என்று தட்டியவர்கள் போய் விழுந்தது, தேயிலைத் தொழிலின் பிரச்சினைகள், ஊடகச் சுதந்திரம், சிறுபான்மையினர் பற்றியெல்லாம் பேசிய ஒரு பக்கத்தில். நம்முடைய பிரச்சினை கூகிளின் வாசலில் ஏறி நின்றது அந்த ஒரு நாள்தான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அன்றே சரிசெய்துவிட்டார்கள். ஒரு நாட்டின் பின்னொட்டில் பெயர் வாங்கும்போது அதை நடத்தும் அந்த நாட்டின் பதிவகத்தோடும் உங்கள் பெயரின் தலைவிதி கட்டப்படுகிறது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். வெளிநாட்டுப் பின்னொட்டுகளில் இதைவிடப் பெரியதெல்லாம் நடந்திருக்கிறது, அதற்கு வருகிறேன்.

டொட் இலங்கை என்று தமிழிலேயே ஒரு பின்னொட்டு 2010 முதல் இருக்கிறது. சிங்களத்தில் டொட் லங்கா. இவற்றை மறுவிற்பனைக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. கணினி உள்ளே அதை எக்ஸ்என் என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாக மாற்றித்தான் கையாள்கிறது. சில செயலிகளில் இணைப்பைப் பகிர்ந்தால் அந்த அசிங்கமான கோவைதான் தெரியும், மின்னஞ்சலிலும் தொல்லை வரும். தோட்டப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கோ கோயில் திருவிழாத் தளத்துக்கோ ஆசைக்கு எடுக்கலாம். அப்படி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

இப்போது புதியவை. பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு 2012இல் விண்ணப்பம் கோரியது. ஒரு விண்ணப்பத்துக்கு 185,000 டொலர் கட்டணம், வந்து குவிந்தவை 1,930. 2013 கடைசியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின்னொட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. டொட் கஃபே, டொட் டுவர்ஸ், டொட் ஹொலிடே, டொட் வில்லாஸ், டொட் வெகேஷன்ஸ், டொட் ஷொப், டொட் எக்ஸ்வைஇசட். டொட் கொபி கூட இருக்கிறது. டொட் டீ இல்லை! தேயிலை விற்கும் நாடுகள் எல்லாம் சேர்ந்து எப்படி இதைக் கோட்டை விட்டன என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இந்தப் பெயர்களில் அழகு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஊர்ப்பெயரைப் போட்டு டொட் ஹொலிடே என்று முடித்தால் விசிட்டிங் கார்டில் நன்றாகத்தான் இருக்கும். 2018இல் வெகேஷன் டொட் ரென்டல்ஸ் என்ற முகவரி 500,300 டொலருக்கு விற்றதைக் காட்டி, பார்த்தீர்களா என்பார்கள். புள்ளியின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு முழுச் சொற்றொடராகவே அமைந்ததால் விளைந்த அதிசயம் அது. உங்கள் ஹோம்ஸ்டே பெயரோடு சேரும்போது அந்த மாயம் நிகழாது. எல்லவில் அறை விற்பவருக்கு டொட் ஹொலிடே கிடைக்காவிட்டால் டொட் டுவர்ஸ் இருக்கிறது, அதுவும் இல்லாவிட்டால் டொட் வில்லாஸ். பிடிவாதம் பிடிக்கவேண்டிய அவசியம் வாங்குகிறவருக்கு இல்லாதபோது விலையும் இல்லை. இது முதல் குறை.

பணத்தைத் தின்னும் குறை வேறொன்று. இந்தப் பின்னொட்டுகளில் பல முதல் ஆண்டு ஒரு டொலர், இரண்டு டொலர் என்று ஆசை காட்டும். அடுத்த ஆண்டு பில் வரும்போது முப்பது நாற்பது டொலர் நிற்கும். நல்ல சொற்களையெல்லாம் பதிவகமே பிரீமியம் என்று ஒதுக்கி வைத்து, அவற்றின் வருடாந்தக் கட்டணத்தையே பெரிதாக்கியிருக்கும். அப்படிப்பட்ட பெயரை நீங்கள் விற்கப் போனால், வாங்குகிறவர் உங்களுக்கும் கொடுக்கவேண்டும், ஆண்டுதோறும் பதிவகத்துக்கும் கொட்டவேண்டும். அதைத் தெரிந்தவர் பின்வாங்கிவிடுவார். கூகிளின் தாய் நிறுவனமான அல்பபெட் 2015இல் ஏபிசி டொட் எக்ஸ்வைஇசட் என்று முகவரி வைத்தபோது அந்தப் பின்னொட்டுக்கு நல்ல காலம் பிறந்ததாகப் பேசினார்கள். மலிவாகக் கிடைத்ததால் ஸ்பாம் அனுப்புபவர்களும் அங்கே குவிந்தார்கள். மறுவிற்பனைக்காக இந்த வகையில் ஒரு ரூபாவும் போட வேண்டாம் என்பது என் கட்சி.

மற்ற நாடுகளின் எழுத்துகளைக் கடன் வாங்கும் வகை தனி. டொட் டிவி துவாலுவுடையது, டொட் கோ கொலம்பியாவுடையது. இப்போது எல்லோரும் பேசும் டொட் ஏஐ, கரீபியனில் 16,000 பேர் அளவில் வாழும் அங்குவிலா என்ற குட்டித் தீவுடையது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்த பிறகு அந்தத் தீவுக்கு அடித்தது யோகம்: 2023இல் டொமைன் வருமானம் மட்டும் சுமார் 3 கோடி 20 இலட்சம் டொலர், அரச வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதே ஆண்டில் யூ டொட் ஏஐ 700,000 டொலருக்கு விற்றது. உண்மையான கிராக்கி இது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெயரை இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் பதியவேண்டும், நூறு டொலரைத் தாண்டிவிடும். கிராக்கியும் செயற்கை நுண்ணறிவுத் தொழிலைச் சேர்ந்த சொற்களுக்குத்தான். பதுளை என்ற பெயரோடு ஏஐ சேர்த்து வைத்திருப்பவரிடம் யார் வந்து கேட்பார்?

இந்த வகையில் ஆபத்தும் கூட. டொட் ஐஓ இந்து சமுத்திரத்தில் உள்ள பிரித்தானிய ஆட்புலத்துக்கு உரியது. அந்த சாகோஸ் தீவுகளை மொரிஷியஸுக்குக் கையளிக்க இணங்குவதாக 2024 ஒக்டோபரில் பிரித்தானியா அறிவித்ததிலிருந்து, பின்னொட்டு என்னாகும் என்று தொழில்நுட்பக் கொம்பனிகள் நகம் கடிக்கின்றன. பயத்துக்கு முன்னுதாரணம் உண்டு. யூகோஸ்லாவியா என்ற நாடு இல்லாமல் போன பின் அதன் டொட் வையூ 2010இல் நீக்கப்பட்டது. இலவசமாகக் கிடைத்ததால் நம் பையன்கள் பலரும் பழகிய டொட் டிகே போன்றவற்றை நடத்திய ஃப்ரீநொம், 2023இல் புதுப் பதிவுகளை நிறுத்தி, அடுத்த ஆண்டு டொமைன் தொழிலை விட்டே போனது. காபோனும் மாலியும் தங்கள் பின்னொட்டுகளை அதனிடமிருந்து திருப்பி எடுத்துக்கொண்டன. இலவசப் பெயரில் விலாசம் போட்டவர்களுக்கு மிஞ்சியது ஸ்கிரீன்ஷொட்தான்.

வாங்கி வைத்து விற்கப் போகிறேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. டொட் கொம் ஒன்றைச் சில்லறையில் ஆண்டுக்கு 12 டொலர் என்று வையுங்கள். டொலர் 300 ரூபா என்றால் 3,600 ரூபா. நூறு பெயர் வைத்திருந்தால் வருடம் 360,000 ரூபா. இந்தத் தொழிலில் ஊறியவர்கள், நூறுக்கு ஒன்றோ இரண்டோ ஒரு வருடத்தில் விற்றால் திருப்தி என்பார்கள். அப்படியானால் விற்கும் ஒவ்வொன்றும் 600 முதல் 1,200 டொலர் வரை போனால்தான் கை கடிக்காது. அதிலும் விற்பனைத் தளம் 15, 20 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும். நூறு பெயர் வைத்து உட்காருவதைவிட, நன்றாக யோசித்து மூன்று நான்கு டொட் கொம் வைத்திருப்பது மலைநாட்டுச் சம்பளத்துக்குத் தாங்கும்.

யோசிப்பது என்று எதைச் சொல்கிறேன்? முதலில் எழுத்துக்கூட்டல். நம் ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். அப்புத்தளையில் எச் எத்தனை, தலவாக்கலையில் எல் எத்தனை என்று கேட்டால் ஒரே வீட்டில் இரண்டு பதில் வரும். ரயில் நிலையப் பலகையிலும் கூகிள் வரைபடத்திலும் எப்படி இருக்கிறதோ அதுதான் விலை போகும் கூட்டல். மற்றதெல்லாம் தவறித் தட்டுபவர்களுக்கு. அப்புறம் தோட்டப் பெயர்கள். பாட்டி கொழுந்து பறித்த தோட்டத்தின் பெயரைப் பதிந்து வைக்க ஆசை வரும். ஏலத்தில் அந்தப் பெயரிலேயே தேயிலை விற்கப்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அது ஒரு கொம்பனியின் விற்பனைக் குறி. அவர்களுக்கே விற்கலாம் என்று வாங்கி வைத்தால் அது முதலீடாகாது, வழக்காகும். 1999 முதல் இருக்கும் பொதுத் தகராறுத் தீர்வு முறைப்படி, அந்தக் கொம்பனி 1,500 டொலர் கட்டி, வைப்போ (WIPO) என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் முறையிட்டால், கெட்ட எண்ணத்தோடு பதிந்ததாக நிரூபித்து ஒரு சதமும் தராமல் பெயரைப் பறித்துக்கொள்வார்கள். பிரபலமான தேயிலை பிராண்டுகளின் பெயர் பக்கமே போகவேண்டாம்.

இவ்வளவையும் வைத்து நான் சொல்லும் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். ஹோம்ஸ்டே நடத்துபவர் டொட் கொம் கிடைத்தால் அதையே எடுக்கட்டும். விருந்தினர் வெளிநாட்டவர், நாளை வியாபாரத்தையே விற்கும்போது வாங்குகிறவரும் பெயரோடு சேர்த்துத்தான் கேட்பார். டொட் எல்கேயும் கையில் இருந்தால் அதை டொட் கொம்முக்குத் திருப்பிவிடலாம், போட்டிக்காரர் எடுக்காமல் இருக்கும். உள்நாட்டுக் கடைகளுக்குத் தேயிலை போடுபவருக்கு டொட் எல்கே போதும், ஏற்றுமதி எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் முதலில் டொட் கொம் காலியா என்று பார்த்துவிட்டுத்தான் பக்கெட்டில் பெயரே அச்சடிக்க வேண்டும். பெயர் வைத்த பிறகு தேடுபவர்கள்தான் ஆயிரம் டொலர் கொடுத்து வாங்குபவர்கள். விற்பதற்காகவே வாங்கும் தம்பிமார் டொட் கொம்மைத் தவிர வேறு எதையும் தொடாமல் இருப்பது நல்லது. ஒரு சொல் டொட் எல்கே தற்செயலாகக் காலியாகக் கிடைத்தால் மட்டும் விதிவிலக்கு.

எதை வாங்கினாலும் யார் பெயரில் பதிவு இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் இருந்தால் அந்த டொமைன் உங்களுடையது இல்லை, விற்கும் பேச்சுக்கே இடமில்லை. புதுப்பிக்கும் திகதி தவறினால், டொட் கொம்மில் நீக்கத்துக்குப் பிறகு மீட்க 30 நாள் இருக்கும், அதற்குத் தண்டம் கட்டவேண்டும்; அதன் பின் ஐந்து நாளில் பெயர் வெளிச்சந்தைக்குப் போய்விடும். புதிதாகப் பதிந்ததைப் பொதுவாக 60 நாளுக்கு வேறு பதிவாளரிடம் மாற்றவும் முடியாது. வாங்குகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விலை கேட்டு வரும் மின்னஞ்சல்களில் ஒரு பழைய வித்தை உண்டு. நல்ல தொகை தருவதாகச் சொல்லிவிட்டு, இன்ன தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள் என்பார்கள். சான்றிதழுக்கு நீங்கள் கட்டும் பணத்தோடு அந்த ஆள் காணாமல் போவார். உண்மையாக வாங்குகிறவர் சான்றிதழ் கேட்கமாட்டார், விலை கேட்பார். அப்படி ஒருவர் வந்தால், பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்குரோ சேவை வழியாக மட்டும் செய்யுங்கள். பணம் அங்கே சேர்ந்துவிட்டதா என்பதை மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்திப் பார்க்காமல், அந்தத் தளத்துக்குள் நீங்களே நுழைந்து பார்த்த பிறகு, பெயரை வாங்குகிறவரிடம் மாற்றத் தேவையான இடமாற்றக் குறியீட்டைக் கொடுங்கள்.